சிக்னல் திடீரென மறைந்தால்: சிம் மாற்று மோசடியை அறிகுறி வழியாகக் கண்டறிந்து தடுக்கும் முறை

ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிவாக்கில் என் சித்தப்பாவின் கைபேசியில் சிக்னல் கோடுகள் மறைந்தன. டவரில் ஏதோ வேலை நடக்கிறது என்று எண்ணி, கைபேசியை மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு அவர் படுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே கழிந்தது. திங்கட்கிழமை காலை ஷோரூமுக்குப் போனபோது, கவுன்ட்டரில் இருந்த இளைஞர் திரையைப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை சாயங்காலமே இந்த நம்பருக்கு வேற சிம் கொடுத்தாச்சே, சார். நீங்க வாங்கலையா?" என்று கேட்டார். நகைக் கடனை அடைப்பதற்காகச் சேர்த்து வைத்திருந்த பணம் அதற்குள், ஞாயிற்றுக்கிழமை இரவு, நான்கு பரிவர்த்தனைகளில் கணக்கைவிட்டுப் போயிருந்தது. அறிகுறியைச் சனிக்கிழமையே படித்திருந்தால் அந்தப் பணத்தைக் காத்திருக்கலாம் என்பதால்தான் இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

எண் எப்படிப் பறிபோகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். சிம் அட்டையைக் கழற்றிப் பார்த்தால் 8991 என்று தொடங்கும் 19 அல்லது 20 இலக்க எண் ஒன்று பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். 89 என்பது தொலைத்தொடர்பையும் 91 என்பது இந்தியாவையும் குறிக்கும். உங்கள் பத்து இலக்கக் கைபேசி எண் அந்த அட்டைக்குள் பூட்டப்பட்டிருக்கவில்லை. இந்தக் கைபேசி எண்ணுக்கு உரியது இந்த சிம் என்று நிறுவனத்தின் கணினியில் இருக்கும் ஒரு பதிவுதான் இரண்டையும் இணைக்கிறது. அட்டை தொலைந்தால் அதே எண்ணை நாம் மறுபடி வாங்க முடிவதும் அதனால்தான். அந்தப் பதிவை மாற்றும் வசதி ஷோரூம் ஊழியரிடமும் கஸ்டமர் கேர் ஊழியரிடமும் நிறுவனத்தின் செயலியிலும் இருக்கிறது. திருடன் உங்கள் கைபேசியைத் தொட வேண்டியதே இல்லை. இவற்றில் ஒரு வாசலில் உங்களைப்போல நடித்தாலே போதும்.

அந்த நடிப்பு எவ்வளவு எளிது என்பதை அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்டார்கள். ஐந்து நிறுவனங்களின் ப்ரீபெய்டு கணக்குகளில், நிறுவனத்துக்குப் பத்தாக, 50 முறை சிம் மாற்றக் கோரினார்கள். 39 முறை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். கடைசியாக எந்த எண்களோடு பேசினீர்கள், கடைசியாக எப்போது பணம் கட்டினீர்கள் என்பன போன்ற கேள்விகளுக்கான பதில்களே சான்றாக ஏற்கப்பட்டன. பாதிக்கப்படுபவருக்குத் திருடனே இரண்டு மிஸ்டு கால் கொடுத்துவிட்டால், முதல் கேள்விக்கான விடை அவன் கையில் வந்துவிடும். 2024 ஜனவரி 9 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காணையத்தின் எக்ஸ் கணக்கு கைப்பற்றப்பட்டதும் இதே வழியில்தான்: அலபாமா மாநில ஹன்ட்ஸ்வில் நகரக் கடை ஒன்றில் ஒருவர் போலி அடையாள அட்டையைக் காட்டி, அந்தக் கணக்கோடு இணைந்த எண்ணுக்கு சிம் வாங்கினார். பங்குச் சந்தையையே கண்காணிக்கும் அமைப்பின் எண்ணுக்கு அன்று காவலாக இருந்தவர் ஒரு கடை ஊழியர் மட்டுமே.

இனி அறிகுறிகளைப் பார்ப்போம்.

அறிகுறி: சிக்னல் அடியோடு மறைந்துவிட்டது, அருகில் இருப்பவருக்கு இருக்கிறது

ரீசார்ஜ் காலம் முடிந்துவிட்டதோ என்ற ஐயத்தை முதலில் நீக்கிக்கொள்ளுங்கள். ரீசார்ஜ் முடிந்தால் அழைப்புகள் போகாது, ஆனால் சிக்னல் கோடுகள் பொதுவாக இருக்கும். மாற்று சிம் இயங்கத் தொடங்கியபின், உங்கள் கைபேசி 'சேவை இல்லை' என்றோ 'அவசர அழைப்புகள் மட்டும்' என்றோ காட்டும். விமானப் பயன்முறையை ஒருமுறை போட்டு எடுங்கள். அதே நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் வீட்டாரிடமோ பக்கத்து வீட்டாரிடமோ சிக்னல் இருக்கிறதா என்று கேளுங்கள். அவர்களுக்கும் இல்லையென்றால் டவர்க் கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அவர்களுக்கு இருந்து உங்களுக்கு இல்லையென்றால், உங்கள் சிம்மை இன்னொரு கைபேசியில் போட்டுப் பாருங்கள். அங்கு வேலை செய்தால் பழுது உங்கள் கைபேசியில்தான்.

இவை எல்லாவற்றையும்விட உறுதியான சோதனை ஒன்று உண்டு. வேறொருவரின் கைபேசியிலிருந்து உங்கள் எண்ணை அழையுங்கள். உங்கள் கைபேசி மௌனமாக இருக்க, அழைப்பவரின் காதில் மணி ஒலித்தால், உங்கள் எண் வேறொரு கைபேசியில் உயிரோடு இருக்கிறது என்று கொள்ளுங்கள். அழைப்பு வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தாலும் இப்படி ஒலிக்கும். இரண்டில் எதுவானாலும் அது ஆபத்துதான். 'அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்ற பதிவுக் குரல் வந்தால் எதையும் முடிவு செய்ய முடியாது. திருடனும் புதிய சிம் போட்ட கைபேசியை அணைத்து வைத்திருக்கலாம்.

சோதனைகளுக்கெல்லாம் சேர்த்துப் பத்து நிமிடத்துக்கு மேல் செலவிட வேண்டாம். பிறகு செய்ய வேண்டியவற்றில் வரிசை முக்கியம். இருவர் இருந்தால் ஒருவர் வங்கியையும் மற்றவர் தொலைபேசி நிறுவனத்தையும் ஒரே நேரத்தில் அழையுங்கள். தனியாக இருந்தால் வங்கியை முதலில் அழையுங்கள் என்பதே என் துணிபு. எண்ணை மீட்பதற்கு நிறுவனம் மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். நெட் பேங்கிங், யுபிஐ, டெபிட் கார்டு ஆகியவற்றை முடக்குவதற்கு வங்கிக்குச் சில நிமிடங்கள் போதும். பதிவு செய்த எண்ணிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பி முடக்கும் வசதி இந்நேரத்தில் உதவாது என்பதால், வங்கியின் உதவி எண்ணையும் கணக்கு எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பீரோவில் வைத்திருப்பது மிகவும் அவசியம். சித்தப்பாவிடம் எல்லாமே கைபேசிக்குள்தான் இருந்தன.

நிறுவனத்தின் புகார் எண்ணான 198 அதே நிறுவனத்தின் சிம்மிலிருந்து அழைத்தால்தான் கிடைக்கும்; ஆகவே அதே நிறுவனத்தின் சிம் உள்ள கைபேசியைக் கடன் வாங்குங்கள். 'சிக்னல் இல்லை' என்று பொதுவாகச் சொன்னால், கைபேசியை அணைத்துப் போடும்படி சொல்லி அழைப்பை முடித்துவிடுவார்கள். "என் எண்ணுக்கு நான் கேட்காமல் மாற்று சிம் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், கொடுத்திருந்தால் இப்போதே எண்ணை முடக்குங்கள்" என்று கேளுங்கள். மாற்று சிம் இயங்கத் தொடங்கிய நாள், நேரம் ஆகியவற்றைக் கேட்டுப் புகார் எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வங்கியிடமும் காவல்துறையிடமும் உங்கள் பக்கம் பேசப்போவது அந்த நேரம்தான்.

நமக்குச் சாதகமான ஒரு விதி இருக்கிறது. இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கட்டளைப்படி, மாற்று சிம் இயங்கத் தொடங்கியதிலிருந்து 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணுக்கு எஸ்எம்எஸ் வரவும் கூடாது, அதிலிருந்து போகவும் கூடாது. சனிக்கிழமை மாலை மாறிய சித்தப்பாவின் எண்ணில் ஞாயிற்றுக்கிழமை இரவுதான் பணம் போனதற்குக் காரணம் இதுவே. அந்த ஒரு நாள் உண்மையான உரிமையாளர் விழித்துக்கொள்வதற்காக விடப்பட்ட அவகாசம் என்பது வாடிக்கையாளர்களில் பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. நிறுவனங்களும் அதை உரக்கச் சொல்வதில்லை. தடை எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும்தான், குரல் அழைப்பில் சொல்லப்படும் ஓடிபிக்கு அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. வார இறுதியிலும் தொடர் விடுமுறையிலும் சிக்னல் போனால் இரு மடங்கு கவனம் தேவை.

அறிகுறி: நீங்கள் கேட்காத சிம் மாற்றம், இ-சிம், போர்ட் பற்றிய எஸ்எம்எஸ்

இந்த எஸ்எம்எஸ் வந்திருக்கிறது என்றால் எண் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. அதனால் பதற்றமின்றி, ஆனால் உடனே செயல்பட வேண்டும். மாற்று சிம் அல்லது இ-சிம் கோரிக்கை பதிவாகியிருப்பதாகச் செய்தி வந்தால், அதில் உள்ள இணைப்பைத் தொடாமல் 198-ஐ நீங்களாக அழைத்துக் கோரிக்கையை ரத்து செய்யச் சொல்லுங்கள். உறுதி செய்வதற்காக ஒரு தானியங்கி அழைப்பு வந்தால், எந்த எண்ணை அழுத்தினால் சம்மதம், எதை அழுத்தினால் மறுப்பு என்று முழுவதும் கேட்டபிறகே அழுத்துங்கள்.

பெரும்பாலும் இந்தச் செய்திக்குச் சற்று முன்போ பின்போ ஓர் அழைப்பு வரும். கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) காலாவதியாகிவிட்டது, சிம் இன்றே நின்றுவிடும், 5ஜி-க்கு மாற்றித் தருகிறோம் என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லி, சிம் அட்டையின் பின்புற எண்ணைப் படிக்கச் சொல்வார்கள். அல்லது அவர்கள் அனுப்பும் 20 இலக்க எண்ணை நிறுவனத்தின் குறுஎண்ணுக்கு எஸ்எம்எஸ் செய்யச் சொல்வார்கள். அந்த 20 இலக்கம் திருடன் கையில் இருக்கும் வெற்று சிம்மின் எண். அதை உங்கள் கைபேசியிலிருந்தே அனுப்பும்போது, 'என் எண்ணை இந்த சிம்முக்கு மாற்றுங்கள்' என்று நீங்களே கையெழுத்திட்டுக் கொடுப்பதாக ஆகிறது. இ-சிம்மில் அட்டையே தேவையில்லை: உங்கள் கணக்கில் மின்னஞ்சலை மாற்றி, க்யூஆர் குறியீட்டைத் தங்களுக்கு வரவழைத்துக்கொள்வார்கள்.

போர்ட் செய்தியை வேறுவிதமாகப் படிக்க வேண்டும். நிறுவனம் மாறுவதற்கான எட்டு எழுத்து யுபிசி குறியீட்டை வாங்க, 1900 என்ற எண்ணுக்கு அந்த சிம்மிலிருந்தே எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். நீங்கள் அனுப்பாமல் யுபிசி வந்திருக்கிறது என்றால், ஒன்று உங்கள் கைபேசி யாரோ ஒருவர் கையில் சற்று நேரம் இருந்திருக்கிறது, அல்லது எஸ்எம்எஸ் அனுப்பவும் படிக்கவும் அனுமதி பெற்ற தீய செயலி ஒன்று உள்ளே இருக்கிறது. போக்குவரத்து அபராதம், திருமண அழைப்பிதழ் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும், செயலியை நிறுவும் ஏபிகே கோப்பை அண்மையில் யாராவது நிறுவினார்களா என்று வீட்டில் கேளுங்கள். எஸ்எம்எஸ் அனுமதி எந்தெந்தச் செயலிகளுக்கு இருக்கிறது என்று அமைப்புகளில் பாருங்கள். போர்ட் கோரிக்கையே பதிவாகிவிட்டது என்றால், 24 மணி நேரத்துக்குள் 'கேன்சல்' என்ற ஆங்கிலச் சொல்லையும் இடம் விட்டு உங்கள் எண்ணையும் தட்டி 1900-க்கு அனுப்பி அதை நிறுத்தலாம்.

2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றப்பட்ட ஏழு நாள்களுக்குள் யுபிசி கேட்டால் கொடுக்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதித்திருக்கிறது. எண்ணைத் திருடி உடனே வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோய், மீட்பைச் சிக்கலாக்கும் வழி அதனால் அடைபட்டது. முதல் திருட்டை அந்த விதி தடுக்காது.

அறிகுறி: ஓயாமல் அழைப்புகளும் எஸ்எம்எஸ்களும் வந்து குவிகின்றன

வெறும் தொல்லை என்று கருதிக் கைபேசியை அணைத்துவிடுவோம். திருடன் எதிர்பார்ப்பது அதைத்தான். அணைத்த கைபேசியில் நிறுவனத்தின் எச்சரிக்கையும் தெரியாது, சிக்னல் போனதும் தெரியாது. ஒலியை மட்டும் குறைத்துவிட்டு, அறியாத எண்களை அமைதிப்படுத்தும் வசதியைப் போட்டுக்கொண்டு, சிக்னல் கோடுகளைக் கண்ணில் வைத்திருங்கள்.

அறிகுறி: சிக்னல் இருக்கிறது, ஆனால் அழைப்புகள் வருவதில்லை

இது சிம் மாற்றம் அன்று. அழைப்பைத் திருப்பிவிடும் மோசடியாக இருக்கலாம். கூரியர் வந்திருக்கிறது என்று சொல்லி, *401* அல்லது *21* என்று தொடங்கி ஒரு பத்து இலக்க எண்ணோடு முடியும் குறியீட்டை டயல் செய்யச் சொல்லியிருப்பார்கள். டயல் செய்தவுடன் உங்களுக்கு வர வேண்டிய அழைப்புகளும், குரல் வழி ஓடிபிகளும் அந்த எண்ணுக்குப் போகும். இந்த மோசடி பெருகியதால்தான் 2024 ஏப்ரல் 15 முதல் இவ்வகைக் குறியீடுகள் வழியாக அழைப்பைத் திருப்பும் வசதியை நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. ஆனாலும் அமைப்புகளில் 'அழைப்பைத் திருப்பிவிடுதல்' பகுதியைத் திறந்து, 'எப்போதும்' என்பதற்கு எதிரே அறியாத எண் இருந்தால் நீக்குங்கள். ##002# என்று டயல் செய்தால் எல்லாத் திருப்புதல்களும் ரத்தாகும். அது ஏற்கப்படாவிட்டால் 198-இல் சொல்லி நீக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: வாட்ஸ்அப் தானாக வெளியேறிவிட்டது

சிக்னல் நன்றாக இருக்கும்போது வாட்ஸ்அப் மட்டும் வெளியேறினால், எண் பறிபோகவில்லை. ஆறு இலக்கப் பதிவுக் குறியீடு மட்டும் யாரிடமோ போயிருக்கிறது. உடனே அதே எண்ணில் மறுபடி பதிவு செய்தால் மற்றவர் வெளியேற்றப்படுவார். உள்ளே நுழைந்தவர் இரட்டைச் சரிபார்ப்புப் பின்னை வைத்துவிட்டிருந்தால், நீங்கள் ஏழு நாள்கள் காத்திருக்க நேரும். சிக்னலும் சேர்ந்தே போயிருந்தால் முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள். மின்னஞ்சல் கடவுச்சொல் மாற்றப்பட்டதாக அறிவிப்பு வந்தால், வைஃபையில் இணைந்து, ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் கணினியிலிருந்து மீட்பு எண்ணை நீக்கிவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மின்னஞ்சலை இழந்தால் மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னே போகும்.

அறிகுறி: பணம் போய்விட்டது

சைபர் மோசடிக்கான உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும் என்பதால், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தொகையை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு.

பிறகு வங்கிக் கிளைக்கு நேரில் போய் எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வகுத்த விதிப்படி, தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் இடையில் வேறெங்கோ நிகழ்ந்திருந்தால், வங்கியின் அறிவிப்பு கிடைத்ததிலிருந்து மூன்று வேலை நாள்களுக்குள் புகார் செய்தவருக்கு இழப்பில் பொறுப்பு ஏதும் இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள்களுக்குள் என்றால், கணக்கின் வகையைப் பொறுத்து 5,000 முதல் 25,000 ரூபாய் வரையே அவர் பொறுப்பு. புகார் பெற்ற பத்து வேலை நாள்களுக்குள் வங்கி அத்தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று மெய்ப்பிக்கும் கடமையும் வங்கியுடையதே. "ஓடிபி சரியாகத்தான் போடப்பட்டிருக்கிறது" என்று கிளையில் சொல்வார்கள். அந்த நேரத்தில் உங்கள் எண் வேறொருவர் கையில் இருந்தது என்பதைக் காட்டும் கடிதத்தைத் தொலைபேசி நிறுவனத்திடம் வாங்கி, புகாரோடு இணையுங்கள். சித்தப்பாவுக்குத் தற்காலிக வரவு கிடைத்தது, திங்கட்கிழமையே முத்திரை பெற்ற அந்த நகலாலும், சிம் மாறிய நேரத்தைக் குறித்த ஒரு வரிக் கடிதத்தாலும்தான். அந்தக் கடிதத்துக்காக அவர் ஷோரூமுக்கு ஐந்து முறை நடக்க வேண்டியிருந்தது.

நிறுவனத்தின் அலட்சியத்துக்கு நிறுவனமே விலை கொடுக்க வேண்டும் என்று கேட்கவும் வழியுண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46-ஆம் பிரிவின்படி, ஐந்து கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையை மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் தீர்ப்பு அதிகாரியாக இருந்து விசாரிக்கலாம். ராஜஸ்தானில் 2017-இல் உரிய சரிபார்ப்பின்றி ஒருவரின் எண்ணுக்கு இன்னொருவரிடம் டூப்ளிகேட் சிம் கொடுக்கப்பட்டு, கணக்கிலிருந்து சுமார் 68.5 லட்சம் ரூபாய் போனது. ஒரு பகுதி திரும்பிய பிறகு எஞ்சிய இழப்புக்காக 27.5 லட்சம் ரூபாய்க்கு மேல் வோடஃபோன் ஐடியா கொடுக்க வேண்டும் என்று அம்மாநிலத் தீர்ப்பு அதிகாரி 2021-இல் உத்தரவிட்டார். 'நீங்கள்தான் எங்கோ கவனக்குறைவாக இருந்திருப்பீர்கள்' என்று கவுன்ட்டரில் சொல்லி அனுப்பப்படும் ஒவ்வொருவரும் இந்த உத்தரவை அறிந்திருக்க வேண்டும். ஆள்மாறாட்டம் செய்து சிம் வாங்கியவருக்கு 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் மூன்றாண்டு வரை சிறையோ 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு என்பதால், முதல் தகவல் அறிக்கையில் அச்சட்டத்தையும் குறிப்பிடச் சொல்லுங்கள்.

எண் திரும்பக் கிடைத்த பிறகு

புதிய சிம்மில் உங்களுக்கும் அந்த 24 மணி நேர எஸ்எம்எஸ் தடை பொருந்தும். கோளாறு என்று அஞ்ச வேண்டாம். அது முடியும்வரை வங்கிச் சேவைகளைத் திறக்கச் சொல்லாதீர்கள். நிறுவனத்தின் கணக்கில் மின்னஞ்சலையும் மாற்று எண்ணையும் திருடன் மாற்றி வைத்திருக்கிறானா என்று ஷோரூமிலேயே திரையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அவற்றைச் சரிசெய்யாமல் வெளியே வந்தால் அடுத்த வாரமே எண் மறுபடி போகலாம். ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டிவையுங்கள்.

பாதுகாப்பு என்று பலர் நம்பியிருக்கும் இரண்டைப் பற்றித் தெளிவுபடுத்த வேண்டும். சிம் பின் வைத்தால், கைபேசி திருடுபோகும்போது அந்த அட்டையை வேறு கைபேசியில் பயன்படுத்த முடியாது. ஆனால் கவுன்ட்டரில் கொடுக்கப்படும் புதிய சிம்மை அது தடுக்காது. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று பார்ப்பது நல்ல பழக்கம். அறியாத எண் இருந்தால் அங்கேயே தெரிவிக்கலாம். ஆனால் உங்கள் எண்ணுக்கே இன்னொரு சிம் கொடுக்கப்பட்டிருப்பதை அந்தப் பட்டியல் காட்டாது.

உண்மையில் உதவுவது, உங்கள் எண்ணால் திறக்கும் பூட்டுகளைக் குறைப்பதே. மின்னஞ்சலுக்கு எஸ்எம்எஸ் ஓடிபிக்குப் பதிலாக குறியீட்டைக் கைபேசியிலேயே உருவாக்கும் அங்கீகாரச் செயலியையோ, கைரேகை அல்லது திரைப்பூட்டால் உள்நுழையும் பாஸ்கீயையோ வையுங்கள். பெரிய தொகை இருக்கும் கணக்கில் நெட் பேங்கிங் பரிமாற்ற வரம்பைக் குறையுங்கள். தேவையில்லாதவர்கள் அந்த வசதியை அடியோடு நிறுத்தலாம். வங்கி அறிவிப்புகள் எஸ்எம்எஸ்ஸோடு மின்னஞ்சலுக்கும் வரும்படி செய்யுங்கள். வங்கிக்கென்று யாருக்கும் கொடுக்காத தனி எண் ஒன்று வைத்திருப்பது இன்னும் நல்லது, ஆனால் அந்த எண்ணின் ரீசார்ஜ் தவறக் கூடாது: கைவிடப்பட்ட எண்ணை நிறுவனம் 90 நாள்கள் காத்திருந்துவிட்டு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். சித்தப்பா இப்போது அந்தத் தனி எண்ணைப் பழைய பட்டன் கைபேசி ஒன்றில் போட்டுப் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். காலையில் விளக்கேற்றும்போது சித்தி அதன் சிக்னல் கோடுகளையும் ஒருமுறை பார்த்துவிடுகிறார்.